கூலி பாக்கி வைத்த மலைப்பாதை

மும்பையிலிருந்து புனேவுக்குக் காரில் போகும் நம்மவர்கள் எக்ஸ்பிரஸ்வேயைப் பிடித்து, ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்து, "ரோடு சூப்பர் சார்" என்பார்கள். 2002ல் முழுசாகத் திறந்த ரோடு, நல்ல ரோடுதான். ஆனால் காரில் ரயில் பைத்தியம் பிடித்த ஒரு பொடியனோ, நாற்பது தாண்டிய அப்பாவோ இருந்தால் (எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு) அந்த ரோடு ஒன்றுக்கும் ஆகாது. வழியில் வண்டியை நிறுத்தவே கூடாது. மலைக்கு நடுவில் ஒரு ரயில் குகைக்குள் நுழைவது தெரிந்தாலும் "அதோ பாரு" என்பதற்குள் தாண்டிவிடும்.

அதனால் நாங்கள் கல்யாண், பத்லாப்பூர், நேரல், கர்ஜத் என்று ரயில் பாதையை ஒட்டியும் விலகியும் போகும் ரோட்டைப் பிடித்து, கர்ஜத்திலிருந்து கோபோலி வந்து, பழைய மும்பை-புனே ரோட்டில் மலை ஏறுவோம். நேரமாகும். தங்கமணி இதற்கு "உங்கப்பா ரூட்" என்று பெயர் வைத்திருக்கிறாள், பையனிடம் சொல்லும்போது.

இந்த மலைப்பாதைக்கு போர் காட் என்று பெயர். தமிழில் எழுதினால் ஏதோ யுத்தம் நடந்த இடம் மாதிரி தெரிகிறது. நடந்ததைப் படித்தால் பெயர் பொருத்தம்தான் என்று படும். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16ம் தேதி போரிபந்தரிலிருந்து தானாவுக்கு ஓடியது என்று நம் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். 21 மைல், கிட்டத்தட்ட தட்டையான நிலம். அடுத்த வருஷமே கல்யாண் வரை வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் எதிரில் நின்றது சஹ்யாத்ரி. அதைத் தாண்டாமல் தக்காணத்துப் பஞ்சு பம்பாய்த் துறைமுகத்துக்கு வராது. பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் ரயில் தொடர்பும் கிடையாது. நம்மூரில் 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் விட்டவர்கள் மெதுவாக வடமேற்கே பாதை போட்டுக்கொண்டு வர, இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள் 1871ல் ராய்ச்சூரில் அவர்களைச் சந்தித்தார்கள். பிழைப்புக்காக மெட்ராஸ் மெயிலில் ஏறி இந்த ஊருக்கு வந்த தாத்தாக்கள், சித்தப்பாக்கள் எல்லாரும் இறங்கி வந்தது இந்த மலையில்தான். இன்றைக்கும் சி.எஸ்.எம்.டி.யிலிருந்து போகும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் இதில்தான் ஏறுகிறது.

சரி, முதலில் கர்ஜத். ரயில் பார்ப்பதற்கு இந்த வழியில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ரொம்ப சுலபமும்கூட: காரை வெளியே விட்டுவிட்டு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ளே போய்விடலாம். புனே பக்கம் போகும் வண்டி இங்கே நின்றே ஆக வேண்டும். பின்னால் இரண்டு மூன்று எஞ்சின்களைக் கோர்ப்பார்கள். இழுக்கிற எஞ்சின் முன்னால், தள்ளுகிற எஞ்சின்கள் பின்னால். தள்ளுகிறவற்றுக்கு பேங்கர் என்று பெயர். (நான் வேலை பார்ப்பது வங்கியில் என்பதால் பையன் இதை வைத்து அடிக்கும் ஜோக்குகளை இங்கே எழுதப் போவதில்லை.) பிளாட்பாரத்தின் மும்பைப் பக்க நுனியில் போய் நின்றால், பேங்கர்கள் மெதுவாக வந்து கடைசிப் பெட்டியில் முட்டி இணைவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். கையில் கர்ஜத் வடையும் இருக்க வேண்டும், அது முக்கியம். மாலை 5.10க்கு மும்பையிலிருந்து கிளம்பும் டெக்கான் குயின் இந்த ஒரு காரியத்துக்காகத்தான் இங்கே நிற்கிறது. 1930 ஜூன் 1ல் ஓடத் தொடங்கிய வண்டி அது. 2023 பிப்ரவரியில் வந்த சோலாப்பூர் வந்தே பாரத்துக்குப் பேங்கர் வேண்டாம், ரயில் நெடுக மோட்டார்கள் இருப்பதால் தானே ஏறிவிடுகிறது. பையனுக்கு அதில் பெருமை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஏன் இவ்வளவு தள்ளு? 1863ல் திறந்தபோது பாதையின் கணக்கு இது: சுமார் 25 கிமீ தூரத்துக்குள் 1,831 அடி ஏற்றம். செங்குத்தான இடத்தில் 37 அடிக்கு 1 அடி. கார் ஓட்டுகிறவர்களுக்கு இது ஒன்றுமேயில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏறுவதற்கு இது சுவர் மாதிரி. 25 குகைகள், 8 பெரிய வளைவுப் பாலங்கள். பாறையோ கருங்கல்லாய் இறுகிப்போன பழைய எரிமலைக் குழம்பு. டைனமைட் அப்போது கிடையாது, வெறும் வெடிமருந்து. பல இடங்களில் நின்று துளை போடக்கூட இடமில்லாததால், மேலேயிருந்து கயிற்றில் ஆட்களைத் தொங்கவிட்டு துளை போட வைத்தார்கள். மழைக்காலம் வந்தால் வேலை நிற்கும்.

பாதையைத் திட்டமிட்ட தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி. ரயில் திறப்பைப் பார்க்கவில்லை, உடம்பு கெட்டு இங்கிலாந்து திரும்பி 1862ல் இறந்துபோனார். கட்டிய கம்பெனி கிரேட் இந்தியன் பெனின்சுலா, சுருக்கமாக ஜி.ஐ.பி.

இங்கே கொஞ்சம் வங்கிக்காரனாகப் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1849ல் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஜி.ஐ.பி.யும் ஓர் ஒப்பந்தம் போட்டன. முதல் கட்ட மூலதனம் 5 லட்சம் பவுண்டு. லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்கு வருஷம் 5 சதவீத வட்டிக்கு உத்தரவாதம். ரயில் லாபம் சம்பாதித்தால் அதிலிருந்து. சம்பாதிக்காவிட்டால்? இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து. நிலம் இலவசம். அதாவது முதலுக்கு ஆபத்தில்லை, வட்டிக்கும் ஆபத்தில்லை, செலவு எகிறினாலும் கவலையில்லை. கடன் வாங்குகிறவர் நஷ்டப்பட்டால் மூன்றாவது மனிதர் ஒருவர் கட்டுவார், அந்த மூன்றாவது மனிதரை யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை என்ற மாதிரி ஒரு புரபோசல் என் மேஜைக்கு வந்தால் நான் காபி குடிக்க எழுந்து போய்விடுவேன். இந்தியாவின் நிதிப் பொறுப்பில் இருந்த மாசே என்பவரே பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்னால் இதைப் போட்டு உடைத்தார். முதலீட்டாளருக்கு உத்தரவாதம் இருந்ததால், பணம் செங்கல்லாக மாறினாலும் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் அவருக்கு ஒன்றுதான் என்ற பொருளில் சாட்சி சொன்னார்.

இனி அதே பேரேட்டின் மறுபக்கம்.

1856 தொடக்கத்தில் வேலை ஆரம்பம். காண்டிராக்ட் எடுத்தவர் வில்லியம் ஃபாவியெல். பம்பாய்-தானா பாதையைப் போட்டவரும் அவரே. கம்பெனி அவருக்குக் கொடுக்கும், அவர் கீழ்க் காண்டிராக்டர்களுக்குக் கொடுப்பார், அவர்கள் மேஸ்திரிகளுக்கு, மேஸ்திரிகள் தங்கள் கூட்டத்துக்கு. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாள் நின்று பார்த்த யாருக்கும் தெரியும், இப்படிப்பட்ட சங்கிலியில் பணம் எங்கே சிக்கும், கடைசியில் எவ்வளவு போய்ச் சேரும் என்று. கூலி தள்ளிப்போனது. 1859 ஜனவரியில் தொழிலாளிகள் பாக்கிக் கூலி கேட்டு, ஐரோப்பிய மேற்பார்வையாளர்கள்மேல் கை வைக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். பம்பாய் அரசு விசாரணை வைத்தது. அந்த மார்ச்சிலேயே ஃபாவியெல் காண்டிராக்டைக் கைவிட்டார்.

1860ல் ஒரு சட்டம் வந்தது. ரயில்வே, கால்வாய் மாதிரியான பொது வேலைகளில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் கூலித் தகராறு வந்தால் மாஜிஸ்டிரேட்டே உடனடியாகத் தீர்த்து வைக்கலாம் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போகும் தொழிலாளியை ஜெயிலுக்கு அனுப்பவும் அதே சட்டத்தில் வழி வைத்திருந்தார்கள்.

லண்டனில் 5 சதவீதம் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்த காலம் இது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாவியெலுக்கு அடுத்து சாலமன் டிரெட்வெல் என்பவர் காண்டிராக்டை எடுத்து 1859ல் குடும்பத்தோடு கப்பலில் வந்து இறங்கினார். சில வாரங்கள்கூட ஆகவில்லை, நோயில் போய்விட்டார். அவர் மனைவி ஆலிஸ் ஊருக்குத் திரும்பும் கப்பலைப் பிடித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் காண்டிராக்டைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். ஃபாவியெலிடம் வேலை பார்த்த அனுபவசாலிகளான ஆடம்சன், க்ளௌசர் என்ற இருவரை மேலாளர்களாக வைத்து வேலையை முடித்துக் கொடுத்தார். 1863 ஏப்ரலில் பம்பாய் கவர்னர் பார்ட்டில் ஃப்ரியர் பாதையைத் திறந்துவைத்தார். விக்டோரியா காலத்தில் ஒரு பெண், அதுவும் அந்நிய நாட்டில், பல்லாயிரம் பேர் வேலை செய்யும் காண்டிராக்டுக்குச் சொந்தக்காரர்! இதைக் கேட்டதும் தங்கமணி, "பிள்ளைகளை யார் பார்த்துக்கிட்டாங்களாம்?" என்றாள். நல்ல கேள்வி.

1861ல், வேலை உச்சத்தில் இருந்தபோது, இந்த மலையில் 42,000க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். அவ்வளவு பேரும் குடிசைகளில். காலரா புகுந்தால் என்ன ஆகும்? ஆனது. எட்டு வருஷத்தில் செத்தவர்கள் 24,000, 25,000 என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இது மதிப்பீடுதான், யாரும் எண்ணி எழுதிவைத்த கணக்கு அல்ல. எத்தனை மைல், எத்தனை குகை, எத்தனை கன கஜம் பாறை என்று துல்லியமாக எழுதிவைத்தவர்கள் இதை மட்டும் எழுதவில்லை.

கர்ஜத்தை விட்டு கோபோலி ரோட்டில் திரும்பினால் சீக்கிரமே பளஸ்தரி. இங்கேதான் கோபோலி கிளைப்பாதை ஒரு பக்கமும் மலையேறும் பிரதானப் பாதை இன்னொரு பக்கமும் பிரிகின்றன. இதற்கு மேல் ரயில் ஒரு பள்ளத்தாக்கு வழியாகவும் நம் ரோடு வேறொரு பள்ளத்தாக்கு வழியாகவும் ஏறி, கண்டாலா உச்சியில்தான் மறுபடி சேரும். இடையில் ஜாம்ப்ருங், தாக்கூர்வாடி, நாக்நாத், மங்கி ஹில் என்று ரயில்காரர்களுக்கு மட்டுமான நிறுத்தங்கள். கார் போகாது. தண்டவாளத்தோடு நடந்து போய்ப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. வேண்டாம். ரயில்வே சட்டம் 147வது பிரிவின்படி அது குற்றம். அதையும் விடுங்கள், குகைக்குள் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் கிடையாது.

கோபோலி தாண்டி மலை ஏறும்போது பழைய ரோட்டோரம் ஷிங்ரோபா கோயில் வரும். சின்னக் கோயில். லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பக்கத்து மக்கள் சொல்லும் கதை இது: மலையைத் தாண்ட வழி தெரியாமல் வெள்ளைக்காரர்கள் திணறியபோது ஷிங்ரோபா என்ற ஆட்டிடையன், தன் ஆடுகள் ஏறி இறங்கும் தடத்தைக் காட்டிக்கொடுத்தான். "என்ன கூலி வேண்டும்?" என்று கேட்டார்கள். "எங்கள் நாட்டை எங்களிடம் விட்டுவிடு" என்றான். சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ரயில் பாதைக்கு வழி காட்டினான் என்று சிலரும், ரோட்டுக்கு என்று சிலரும் சொல்வார்கள். கதைதான், எந்த ஆவணத்தையும் வைத்து நான் சொல்லவில்லை. ஆனால் கூலி கேட்டவனைப் பற்றிய கதை என்பதால், 1859 கலவரத்தைப் படித்தபிறகு எனக்கு இதைச் சாதாரணக் கட்டுக்கதை என்று ஒதுக்க மனசு வரவில்லை. இங்கே ரயில் தெரியாது. இருந்தாலும் நிறுத்துங்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், அமிர்தாஞ்சன் பாலம் இருந்த இடம். ஆமாம், நம் தைலமேதான்! 1893ல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் ஆரம்பித்து, பிறகு மெட்ராஸுக்குக் கொண்டுபோன அமிர்தாஞ்சன். அந்தத் தைலத்தின் பெரிய விளம்பரப் பலகை அங்கே இருந்ததால் 1830ல் கட்டிய கல் பாலத்துக்கு ஜனங்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அதன் தூண்களால் எக்ஸ்பிரஸ்வேயில் நெரிசல் என்று 2020 ஏப்ரலில், ஊரடங்கில் ரோடு காலியாக இருந்த சமயம் பார்த்து, வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மயிலாப்பூரில் பிறந்த தங்கமணிக்கு இதில் கொஞ்சம் சொந்த வருத்தம்.

இந்த உச்சிப் பக்கத்தில்தான் அந்தக் காலத்து ரிவர்ஸிங் ஸ்டேஷன் இருந்தது. ரயில் திரும்ப மலையில் இடமில்லை. அதனால் ஒரு முட்டுச் சந்துக்குள் போய் நிற்கும், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள், பின்னால் இருந்தது முன்னாலாகி மேலே ஏறும். 1869 ஜனவரியில் இறங்கி வந்த ஒரு ரயில் பிரேக் பிடிக்காமல் இந்த இடத்தில் நிற்காமல் பாய்ந்து, உயிர்ச்சேதம். அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், 1867ல், மஹுகிமலி பாலம் மொத்தமாக இடிந்து விழுந்திருந்தது. திறந்து நாலு வருஷம்தான். கட்டுமானம் மட்டம் என்று தெரியவந்தது. செலவு எவ்வளவு ஆனாலும் வட்டி நிச்சயம் என்று எழுதிக் கொடுத்த வேலையின் தரம் அப்படி! 1929ல் மின்சாரம் வந்தபோது பாதையை மாற்றி ரிவர்ஸிங் ஸ்டேஷனையே ஒழித்தார்கள். அப்போது வந்த நீள மூக்கு மின்சார எஞ்சின்கள் இரண்டு பக்கமும் ஆடி ஆடி நண்டு மாதிரி ஏறியதால் அவற்றுக்கு மராத்தியில் 'கேகடா' என்று பெயர். நண்டு என்றே அர்த்தம்.

கண்டாலா என்றதும் 1998ல் ஆமிர்கான் பாடிய பாட்டு ஞாபகம் வருகிறவர்கள் கை தூக்கலாம். ரோட்டோரம் ராஜ்மாச்சி பாயிண்ட் இருக்கிறது. காரை நிறுத்த இடம், தடுப்புச் சுவர், சோளக்கதிர், குரங்குகள் எல்லாம் உண்டு. மழைக்காலத்தில் மேகம் விலகும் நேரம் பார்த்து நின்றால், மலை மடிப்புக்குள் ரயில் நெளிவது தெரியும். காலை 7.15க்குப் புனேவிலிருந்து கிளம்பும் டெக்கான் குயின் எட்டரை மணி வாக்கில் இந்தப் பக்கம் இறங்கும். (நேரம் மாறலாம், போகும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஏறும் ரயிலைவிட இறங்கும் ரயில்தான் பார்க்க அழகு என்பது என் கட்சி. அது நின்று நின்று வரும். இறங்குகிற வழியில் சில இடங்களில் பாதை ஒரு மேட்டுக் கிளைக்குத் திருப்பியே வைக்கப்பட்டிருக்கும். பிரேக் போன வண்டி நேரே அந்த மேட்டில் ஏறித் தானாக நின்றுவிடும். கேட்ச் சைடிங் என்பார்கள். ஒழுங்கான வண்டி அதற்கு முன்னால் நின்று, "என் பிரேக் வேலை செய்கிறது" என்று நிரூபித்த பிறகுதான் பாதையை நேராக்கி விடுவார்கள். 150 வருஷத்துக்கு முந்தைய பயம் இன்னும் அந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது.

லோனாவாலாவில் சிக்கி வாங்கிக்கொண்டு இன்னும் பத்து பன்னிரண்டு கிமீ போனால் கார்லா. மலைமேல் சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தைய பௌத்தக் குகை. போர் காட் குகைகளைப் போலவே அதே சஹ்யாத்ரிக் கருங்கல்லைக் குடைந்ததுதான். படி ஏறிப் போய்த் தூண்களைப் பாருங்கள். பிராமி எழுத்தில் யார் யார் எதைக் கொடுத்தார்கள் என்று வெட்டியிருக்கிறார்கள். வைஜயந்தியிலிருந்து வந்த பூதபாலன் என்ற சேட்டி, அதாவது அந்தக் காலத்து வணிகர், வங்கியாளர் என்றும் சொல்லலாம், நம்ம ஆள். யவனர்கள் சிலர். அப்புறம் வாசலைச் செய்த தச்சன் பெயரும் இருக்கிறது: தேனுகாகடத்து சாமி. அப்பா பெயர், ஊர், தொழில் எல்லாம் சேர்த்து. நான் அந்த இடத்தில் நின்று பையனுக்குப் படித்துக் காட்டியபோது அவன் கேட்டது, "ரயில் குகையில யார் பேரு எழுதியிருக்கு?"

அவனுக்குப் பெர்க்லி, ஃபாவியெல், டிரெட்வெல் என்று மூன்று பெயர் சொன்னேன். "அவங்க தோண்டினாங்களா?" என்றான்.

ரயில் பார்க்க மட்டும் வருகிறவர்கள் கார்லாவைவிட எதிர்ப்பக்கத்து பாஜா குகைக்குப் போவது மேல். மளவ்லி ஸ்டேஷனைத் தாண்டித் தெற்கே கொஞ்ச தூரம். படிகளில் பாதி ஏறித் திரும்பினால் பள்ளத்தாக்கு முழுசும் கீழே விரிந்து கிடக்கும், எக்ஸ்பிரஸ்வேயும் ரயிலும் சேர்ந்து. மலை முடிந்துவிட்டதால் வண்டிகள் இங்கே நேராக, வேகமாக ஓடும். கூட்ஸ் வந்தால் பெட்டி எண்ணுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏற முடியாத பெரியவர்களை மளவ்லி பிளாட்பாரத்திலேயே உட்கார வைத்துவிடலாம். ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே கிடைப்பது டீ மட்டும்.